மணல் போகும் வழியில் குப்பை வரும்: மூன்று சபைகளுக்கும் ஒரே கணக்கு வேண்டும்

2023 மார்ச் மாதம் முதல் இரண்டு வருடங்களுக்கும் மேலாகச் செயலாளர்களின் பொறுப்பில் இருந்த எமது சபைகளில், 2025 மே மாதத் தேர்தலின் பின்னர் மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் அமர்ந்துள்ளனர். வீதி, வடிகான், தெருவிளக்கு எனக் கோரிக்கைகள் குவிகின்றன. ஆனால் எந்தச் சபையும் தனியாகத் தீர்க்க முடியாத ஒரு விடயத்தை, வாழைச்சேனைவாசி என்ற வகையில் முன்வைக்க விரும்புகிறேன். மணலும் குப்பையும்தான் அந்த விடயம்.

இரண்டையும் ஏன் சேர்த்துப் பேச வேண்டும்? புத்தளம் அருவக்காலுவைப் பாருங்கள். அங்கு சீமெந்து உற்பத்திக்காகச் சுண்ணாம்புக்கல் தோண்டப்பட்டது. தோண்டி முடித்த பகுதியே பின்னர் கொழும்புக் குப்பைக்கான இடமாகத் தெரிவானது. கொழும்பு மாநகரக் குப்பை முன்னர் கொட்டப்பட்ட மீதொட்டமுல்லயும் கொலன்னாவை நகர சபையின் எல்லைக்குள்தான் இருந்தது. 2017 ஏப்ரல் 14ஆம் திகதி அந்த மேடு சரிந்து 32 பேர் உயிரிழந்தனர். அதன் பின்னர் குப்பை சுமார் 170 கிலோமீற்றர் தாண்டிப் புத்தளத்தை நோக்கித் திரும்பியது. அம்மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டு அங்கு குடியேறியவர்களும் அவர்களிடையே வாழ்கின்றனர். கனியம் ஒரு வழியால் போனது, கழிவு அதே குழியைத் தேடி வந்தது. இரண்டையும் தீர்மானித்தவர்கள் வேறு எங்கோ இருந்தார்கள்.

எமது நிலைமை இதைவிடச் சிக்கலானது. மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. உள்ளூராட்சி மன்றங்களோ 12தான். கோறளைப்பற்று மத்திக்கும், கிரானை உள்ளடக்கிய கோறளைப்பற்று தெற்குக்கும் தனியான சபை கிடையாது. ஆகவே கோறளைப்பற்று, ஓட்டமாவடி, வாகரை ஆகிய மூன்று சபைகளே ஐந்து பிரிவுகளைச் சுமக்கின்றன. சேகரித்த குப்பையைச் சபையின் சொத்தாகவும் அதை அகற்றுவதைச் சபையின் கடமையாகவும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் ஆக்கியுள்ளது. அயல் சபையின் குப்பை எங்கே போகிறது என்பதை யார் பார்ப்பது?

மணலில் நிலைமை நேர்மாறானது. 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அகழ்வு அனுமதிப்பத்திரத்தை வழங்குவது புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகம். டிப்பர்கள் உடைக்கும் வீதி சபையினுடையது. 2019 டிசம்பரில் மணல், மண் ஏற்றிச் செல்வதற்கான அனுமதிப்பத்திரத்தையே அமைச்சரவை நீக்கியது. 2020இல் உயர் நீதிமன்றம் தலையிட்டே அதை இடைநிறுத்த வேண்டியிருந்தது. வாகரையில் இல்மனைட் அகழ்வுக்கு எதிராக மக்கள் குரல் எழுப்பியதும் இந்தப் பின்னணியில்தான்.

பல சபைகளின் குப்பையை ஒரே இடத்தில் கொட்டினால் மட்டும் போதாது. அம்பாறை மாவட்டத்தின் பள்ளக்காட்டில் அதைத்தான் செய்தார்கள். அங்கு பிளாஸ்டிக்கை உண்டு எட்டு வருடங்களில் சுமார் 20 யானைகள் இறந்ததாக 2022இல் செய்தி வெளியானது.

இங்கிலாந்தில் கவுண்டி மட்ட அதிகார சபைகள் கனிய வளத்துக்கும் கழிவுக்கும் திட்டம் தயாரிக்கின்றன. மணல், சரளைக்கல் எவ்வளவு தேவை, எங்கிருந்து வரும் என்று வருடாந்தம் மதிப்பிடுகின்றன. எல்லை தாண்டும் விடயங்களில் அயல் சபையோடு ஒத்துழைப்பதை 2011ஆம் ஆண்டுச் சட்டமொன்று கடமையாக்கியது. எங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு உடனடியாகத் தேவையில்லை. மூன்று தவிசாளர்களும் ஒரு மேசையில் அமர்ந்தால் ஆரம்பிக்கலாம்.

முதலாவதாக, ஒரு பொதுப் பதிவேடு வேண்டும். எந்த ஆற்றிலிருந்து எத்தனை கியூப் மணல் போகிறது, எந்த ஊரிலிருந்து எத்தனை தொன் குப்பை எங்கே போகிறது என்பதை மாதாந்தம் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும். இரண்டாவதாக, அயல் சபையின் குப்பையை ஏற்கும் சபைக்குக் கட்டணம் வேண்டும். அந்தப் பணம் குப்பைத் தளத்தைச் சுற்றி வாழும் மக்களுக்கே செலவாக வேண்டும். மூன்றாவதாக, தோண்டிய குழியை எவ்வாறு மூடுவது என்று எழுதித் தராதவருக்கு அனுமதி வழங்கக் கூடாது என மூன்று சபைகளும் ஒரே குரலில் பணியகத்திடம் கேட்க வேண்டும். நான்காவதாக, தரம்பிரித்தல் வேண்டும். வைக்கோலில் கடதாசி செய்த ஆலை இருக்கும் ஊருக்கு, கழிவும் மூலப்பொருள்தான் என்று புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இதைத் தள்ளிப்போடுவதில் இன்னொரு ஆபத்து உள்ளது. எமது சபை எல்லைகள் பல இடங்களில் தமிழ், முஸ்லிம் கிராமங்களின் எல்லைகளாகவும் இருக்கின்றன. கணக்கு இல்லாத இடத்தில் வதந்தி வளரும். எல்லை தாண்டும் ஒரு குப்பை உழவு இயந்திரம் இனப் பிரச்சினையாக மாற ஒரு முகநூல் பதிவு போதும். அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி ஜும்ஆவில் கேட்கும் நாம், அண்டைச் சபையின் ஹக்கையும் பேச வேண்டும். மழைக்காலத்தில் குப்பைமேட்டிலிருந்து வடியும் நீர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் ஒரே வாவியில்தான் கலக்கிறது. அதில் வலை வீசுவோர் இரண்டு சமூகத்திலும் இருக்கிறார்கள்.

உங்கள் வட்டார உறுப்பினரிடம் அடுத்த முறை தெருவிளக்கைக் கேட்கும்போது, அந்தப் பதிவேட்டையும் கேளுங்கள்.