கவனிப்பு நின்ற இடத்தில் முளைப்பவை

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லைக் கிராமங்களில், இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து, துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னுள்ள சிறு இடைவேளையில் நடந்து செல்பவர்களின் கண்ணை, மண்ணில் முளைத்த பயிர்களைக் காட்டிலும், மண் என்று சொல்லத்தக்க ஏதும் இல்லாத இடங்களில் முளைத்து நிற்கும் செடிகளே அதிகமாக இழுக்கும். மதிலின் இடுக்கில் அரசு. ஓட்டுக்கூரையின் மூலையில் பெரணி. வேலிக்காக வெட்டி நட்ட முள்முருங்கைக் கம்பிலே தளிர். வெறும் பாறையென்று கைவிடப்பட்ட மேட்டிலே கொல்லாமரம். தண்ணீர் ஓடவேண்டிய சானலின் நடுவிலோ, ஆள் உயரத்தைக் கடந்த மரங்கள்.

இவற்றைக் களை என்று வெறுப்பவர்களும், இயற்கையின் ஜீவசக்திக்குச் சான்று என்று வியப்பவர்களும் ஒரு விஷயத்தைக் கவனிக்கத் தவறுகின்றனர். மதிலில் ஒரு விதை விழுந்து மரமாவதற்கு அந்த விதையின் வீரியம் மட்டும் போதாது. அந்த மதிலை ஐந்தாறு ஆண்டுகள் ஒருவரும் ஏறெடுத்துப் பாராமலிருக்கவும் வேண்டும். ஆகையால், எதிர்பாராத இடத்தில் வேரூன்றிய ஒரு மரத்தை என்ன செய்வது என்று தீர்மானிக்கும்போது, அந்த இடத்தைப் பேணும் கடமை யாருடையது, அது எப்போது நின்றது, மீண்டும் தொடங்க வழியுண்டா என்ற கேள்விகளே முதலில் எழவேண்டும் என்பது என் அபிப்பிராயம். இரண்டு அரசாங்கங்களின் நிர்வாகம் வந்து முட்டி நிற்கும் இப்பிரதேசத்தில் இக்கேள்விகளுக்குள்ள முக்கியத்துவம் மற்ற இடங்களில் உள்ளதைவிட அதிகம்.

செடிகளுக்கு இங்கே வாய்த்த சௌகரியங்கள் பல. தென்மேற்கு, வடகிழக்கு என்னும் இரண்டு பருவக்காற்றுகளும் இம்மண்ணை நனைக்கின்றன. வீடும் மதிலும் கட்டப் பயன்பட்ட வெட்டுக்கல்லோ நுண்துளைகள் நிறைந்தது. பெய்த மழையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, வெயில் காலத்தில் சிறுகச் சிறுக விடக்கூடியது. பழைய கட்டடங்களில் கற்களை இணைத்த சுண்ணாம்புச் சாந்தும், கடுக்காய் நீரும் கருப்பட்டியும் சேர்த்து அரைக்கப்பட்டு எத்தனை உறுதி பெற்றிருந்தபோதிலும், காலப்போக்கில் ஈரம் தங்கும் பொருளாகிவிடுகிறது. அதிலே ஒரு கீறல் விழுந்து, கொஞ்சம் தூசி அடைந்தால், ஆலுக்கும் அரசுக்கும் அதுவே வயல்.

இந்த அத்திக்குல விருட்சங்களின் வாழ்க்கை முறை விசேஷமானது. இவற்றின் பூக்கள் காய்க்குள்ளேயே மறைந்திருக்கும். ஒவ்வொரு வகை மரத்துக்கும் அதற்கென்றே அமைந்த ஒரு சிறு குளவி உள்ளே புகுந்து மகரந்தச் சேர்க்கை செய்தாலன்றி விதை உண்டாவதில்லை. பழுத்த பழத்தை மைனாவும் குயிலும் குக்குறுவானும் வௌவாலும் தின்று, கடுகினும் சிறிய விதைகளை எச்சத்தோடு உயரமான இடங்களில் இட்டுச் செல்கின்றன. 1883ஆம் ஆண்டு கிரகத்தோவா எரிமலை வெடித்து, அத்தீவு முழுவதும் சாம்பலால் மூடப்பட்டுப் புல் பூண்டின்றிப் போன பின்னர், சில பத்தாண்டுகளுக்குள் அங்கே மீண்டும் காடு எழுந்ததில், பறவைகளும் வௌவால்களும் கடல் கடந்து கொண்டுவந்த அத்திக்குல மரங்களுக்குப் பெரும் பங்குண்டு.

இதே செய்கையை நம் எல்லைக் கிராமங்களில் மிக அருகில் நின்று பார்க்க வேண்டுமானால், ஆல் பற்றிய ஒரு பனையைத் தேடிச் செல்லவேண்டும். ஒரு காலத்தில் நெய்யாற்றின்கரை, விளவங்கோடு தாலுகாக்களில் பனையேற்றம் பெருந்தொழிலாக இருந்தது; அக்கானியும் கருப்பட்டியும் இல்லாத வீடு இல்லை. ஏறுகிற பனையில், ஆண்டுதோறும் மட்டையை அரிந்து தலையைச் சுத்தம் செய்வார்கள். ஏற்றம் நின்ற பனையில் மட்டையின் அடிக்கட்டைகள் உதிராமல் மரத்தோடு ஒட்டி நிற்க, அவற்றின் இடுக்குகளில் தூசியும் சருகும் எச்சமும் சேர்ந்து மட்கி, ஒரு கைப்பிடி மண்ணாகின்றன. அங்கே முளைக்கும் ஆலங்கன்று முதலில் இரண்டு மூன்று இலைகளோடு அடக்கமாகவே நிற்கும். அதன் வேர் மட்டும், நூல் போன்று மெலிந்து, பனையின் கரிய உடலை ஒட்டியே இறங்கிக்கொண்டிருக்கும். அந்த வேர் தரையைத் தொட்ட பிறகு வளர்ச்சியின் வேகமே மாறிவிடுகிறது. நூல் கயிறாகி, கயிறு கையளவாகி, வேரோடு வேர் கூடுமிடங்களில் ஒட்டி ஒன்றாகி, பனையைச் சுற்றிலும் ஒரு கூடு உண்டாகிறது. பக்கவாட்டில் பருக்காத பனையை அது நெரித்துக் கொல்வது எளிதல்ல. உச்சியில் உள்ள ஒரே குருத்துக்கு வெயில் கிடைக்காதபடி ஆலின் தழை மூடும்போதுதான் பனைக்கு முடிவு வருகிறது. ஆலைக் குறை சொல்லி என்ன பயன்? பனையேறும் குடும்பங்கள் அத்தொழிலை விட்ட நாளிலிருந்தே அந்தப் பனை அனாதையாகிவிட்டது.

பழைய கட்டடங்களின் விஷயத்தில் நான் மரத்தின் பக்கம் நிற்கமாட்டேன். கோபுரத்திலும் மதிலிலும் முளைக்கும் அரசங்கன்றை, தெய்விகமான மரமென்று தயங்கி விட்டுவைப்பதும், திருவிழாவுக்கு முன்னர் வெள்ளையடிக்கும் வேளையில் தண்டை மட்டும் வெட்டியெறிவதும் ஒரே பலனைத்தான் தருகின்றன. வெட்டப்பட்ட தண்டிலிருந்து நான்கு கிளைகள் கிளம்பும். உள்ளே வேர் பருத்துக்கொண்டே போய்க் கல்லைப் பிளக்கும். பெருங்காயம் வைத்தால் பட்டுப்போகும் என்று பழைய கொத்தனார்கள் சொல்வதுண்டு. அதைவிட நிச்சயமான முறை, ஆண்டுதோறும் மழைக்குப் பின் ஒருவர் மதிலைச் சுற்றிவந்து, விரல் நீளத்தில் இருக்கும்போதே கன்றை வேரோடு பிடுங்கி, அந்த இடுக்கைச் சுண்ணாம்பு இட்டு அடைப்பதாகும். ஒரு நாள் கூலியில் முடியும் இக்காரியம் பத்தாண்டு தாமதித்தால் மதிலையே பிரித்துக் கட்டும் காரியமாகிவிடும். கம்போடியாவில் 1186ஆம் ஆண்டில் ஏழாம் ஜெயவர்மன் எழுப்பிய தா புரோம் ஆலயத்தில், பல நூற்றாண்டுகள் கவனிப்பாரின்றி விட்டதன் பயனாக, மரத்தை அகற்றினால் சுவரும், சுவரைத் தொட்டால் மரமும் விழும் நிலை நேர்ந்தது. இரண்டையும் சேர்த்தே காப்பாற்றும் கடினமான பணியில் நம் இந்தியத் தொல்லியல் துறை அங்கே ஈடுபட்டிருக்கிறது. அந்த நிலையை அடைந்த பின் வேறு வழியில்லை. அதை அடையவிடுவது அவசியமுமில்லை.

நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் காக்கப்பட்டுவரும் அம்மச்சிப் பிலாவின் கதை இதற்கு எதிர்த்திசையில் செல்வது. 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்டவர்மர், இளவரசராயிருந்த காலத்தில் எட்டுவீட்டில் பிள்ளைமார் என்னும் பிரபுக்களால் துரத்தப்பட்டு, இந்தப் பலாவின் பொந்துக்குள் ஒளிந்து உயிர் தப்பினார் என்பது ஐதிகம். ஒரு மனிதர் நுழைந்து நிற்கத்தக்க பொந்துடைய மரம் எவ்வாறு உயிரோடிருந்தது என்று கேட்பவர்கள் உண்டு. மரத்தின் நடுவயிரம் உயிரற்ற பகுதி. அது உளுத்து உதிர்ந்தாலும், பட்டையை அடுத்துள்ள இளமரம் நீரையும் சத்தையும் கடத்திக்கொண்டிருக்கும் வரையில் மரம் காய்த்துக்கொண்டேயிருக்கும். பொந்து விழுந்த பலாவைப் பயனற்றதென்று வெட்டிச் சாய்க்கும் இன்றைய வழக்கம் அந்நாளிலும் இருந்திருந்தால், அந்தக் கதைக்கே இடமிருந்திருக்காது. அன்று அம்மரத்தை விட்டுவைத்தவர்களும், இன்று அதன் உளுத்த அடிமரத்தைப் போற்றிக் காப்பவர்களும் நம் நன்றிக்கு உரியவர்கள்.

சிறு செடிகளின் நிலையோ பரிதாபத்துக்குரியது. திருவாதிரை நாளில் பெண்கள் தலையில் சூடும் தசபுஷ்பம் என்னும் பத்தும் வழியோரத்துச் செடிகளேயன்றி, தோட்டத்தில் நட்டு வளர்த்தவை அல்ல. அறுகு, விஷ்ணுகிராந்தி, கரிசலாங்கண்ணி, நிலப்பனை, முடக்கொத்தான், சிறுபூளை, முயல்செவி, முக்குற்றி, பூவாங்குருந்தல், திருதாளி என்று அவற்றின் பெயர்களைச் சொல்லத் தெரிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். செடிகளைக் காட்டுவதற்குத்தான் இடமில்லை. ஓணத்து அத்தப்பூக்களத்தின் முதன்மையான மலரான தும்பையும் அப்படிப்பட்டதே. தும்பை வளர்ந்த ஓரங்களுக்குச் சிமெண்டு பூசிவிட்டு, களத்துக்கு வேண்டிய கேந்தியையும் வாடாமல்லியையும் எல்லைக்கு இப்பாலுள்ள தோவாளைச் சந்தையிலிருந்து விலைக்கு வாங்கிச் செல்கின்றனர். தோவாளை உழவர்கள் பிழைப்பதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆயினும், காசின்றிப் பறித்த பூ காசு கொடுத்தாலும் கிடைக்காத பூவாகிவிட்டதை முன்னேற்றமென்று எண்ண என்னால் இயலவில்லை.

எல்லைக்கு அப்பால் தொழிலுறப்பு என்றும், இப்பால் நூறு நாள் வேலை என்றும் வழங்கும் திட்டத்தில் பெண்கள் அரிவாளும் மண்வெட்டியும் கொண்டு வழியோரக் காடு வெட்டும்போது, கீழாநெல்லியும் தும்பையும் கம்யூனிஸ்ட் பச்சை என்னும் களையும் வேறுபாடின்றிச் சாய்கின்றன. அப்பெண்களிற் பலர் எந்தச் செடி எதற்கு உதவும் என்று நன்கு அறிந்தவர்கள். வெட்டிய நீளத்தை மட்டுமே அளந்து கூலி கணக்கிடும் முறை, அந்த அறிவுக்கு ஒரு மதிப்பும் கொடுப்பதில்லை.

அயல்நாட்டுச் செடிகளை அழித்து, நாட்டுச் செடிகளை வைத்துக்கொள்ளலாம் என்று சிலர் எளிய தீர்வு கூறுவர். இதிலும் எனக்கு உடன்பாடில்லை. பாறை மேட்டில் நின்று கொல்லாங்கொட்டை தரும் மரம் போர்த்துகீசியர் வழியாகப் பிரேசிலிலிருந்து வந்தது. ஈரமான மதிலடியில், கண்ணாடி போன்ற தண்டும் இதய வடிவ இலையும் கொண்டு நிற்கும் மஷித்தண்டும் அமெரிக்க வெப்பநாட்டுச் செடியே. அதன் நீர் நிறைந்த தண்டை ஒடித்துச் சிலேட்டை அழித்த பிள்ளைகள் எல்லையின் இருபுறத்துப் பள்ளிகளிலும் படித்தார்கள். அதனால் யாருக்கும் ஒரு தீங்குமில்லை. மாறாக, அதே கண்டத்திலிருந்து வந்த ஒரு கொடி, மலையாளத்தில் திருதராஷ்டிரப் பச்சை என்று பெயர் பெற்றது, தான் தழுவிய எதையும் வெயில் காணவிடாமல் மூடிக் கொல்கிறது. ஆகவே, பிறந்த தேசத்தை விசாரிப்பதைவிட, வந்த இடத்தில் அது என்ன செய்கிறது என்று விசாரிப்பதே நியாயம். தீங்கு செய்வதையும், பூத்து விதை சிதறுவதற்கு முன்னர் கையால் பிடுங்குவதே முறை. கிளைபோசேட் என்னும் களைக்கொல்லியைக் கேரள அரசு 2019ஆம் ஆண்டு தடை செய்ததை நான் முழுமனத்தோடு வரவேற்கிறேன். கிணற்று நீரைக் குடிக்கும் ஊர்களில் மருந்து தெளித்துப் புல் கருக்குவது விவேகமாகாது.

இனி, சானலுக்கு வருவோம். திருவிதாங்கூர்-கொச்சி ஒரே இராஜ்யமாயிருந்த காலத்தில் தொடங்கப்பட்ட நெய்யாறு அணைத் திட்டம், பின்னாளில் வரப்போகும் எல்லையை அறியாமலே வகுக்கப்பட்டது. 1956 நவம்பர் முதல் நாள் விளவங்கோடு சென்னை இராஜ்யத்தோடு சேர்ந்து, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றபோது, இடதுகரைச் சானலின் தலை ஒரு மாநிலத்திலும் வால் மற்றொரு மாநிலத்திலுமாக அமைந்தன. விளவங்கோட்டுப் பக்கத்தில் 9,200 ஏக்கர் நிலம் அந்நீரை நம்பியிருந்தது. 2004ஆம் ஆண்டு நீர் நின்றது. நீருக்கு விலை பேசப்பட்டது. 2012ஆம் ஆண்டு தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்தை அணுகியது. ‘சானல்ல வெள்ளம் வந்த காலம்’ என்று பெரியவர்கள் பேசுவது, பிள்ளைகளுக்குப் பழங்கதையாகிவிட்டது. நெல் நின்ற பல இடங்களில் மரச்சீனியும் வாழையும் ரப்பரும் நிற்கின்றன. சானலில் நீர் ஓடியபோது கரையோரக் கிணறுகளுக்குக் கிடைத்துவந்த ஊற்றும் அதோடு போயிற்று.

நீர் நின்ற வாய்க்காலில் மரங்கள் ஏறும் முறைக்கு ஓர் ஒழுங்குண்டு. மழைநீர் தேங்கும் பள்ளங்களில் முதலில் கோரையும் சேம்பும் வருகின்றன. வண்டல் உலர உலர, ஆமணக்கும் எருக்கும் கம்யூனிஸ்ட் பச்சையும் பரவுகின்றன. அவற்றின் நடுவே வட்டக்கண்ணி எழும்புகிறது. அணிலும் வௌவாலும் தின்று போட்ட அயினிச்சக்கையின் கொட்டைகள் முளைக்கின்றன. கரைமேலுள்ள தோட்டத்திலிருந்து, முற்றிய காய் வெடித்துத் தெறித்த ரப்பர் விதைகளும் சரிவில் உருண்டு வந்து, யாரும் நடாத ரப்பர் கன்றுகளாகின்றன. சானலுக்குள் நிற்கும் ஒரு மரத்தின் பருமனைப் பார்த்து, அவ்விடத்தில் நீர் நின்று எத்தனை காலமாயிற்று என்று ஏறக்குறைய மதிப்பிட்டுவிடலாம்.

இங்கே மரத்தை வெட்டுவதா வேண்டாமா என்று விவாதிப்பது வீண். நீரோட்டம் இருந்த வரையில் எந்தச் செடியும் அங்கே மரமாகவில்லை. ஆதலால் இரு மாநில அரசுகளும் விலையையும் உரிமையையும் பற்றிய வழக்கை ஒருபுறம் நடத்திக்கொண்டே, இடைக்கால ஏற்பாடாகவேனும் நீர் விடுவது சாத்தியமான காரியம். கன்னியாகுமரி மாவட்டத்துப் பூவும் காயும் கேரளத்துக்குச் செல்வதற்கு எல்லை தடையாக இருந்ததில்லை; நீர் வருவதற்கு மட்டும் அது ஏன் தடையாகவேண்டும்? நீர் விடுவதற்கு முன்னேற்பாடாகச் செய்யவேண்டிய வேலை ஒன்றுண்டு. சானலின் தரையில் நிற்கும் மரங்களை அகற்றி ஏலம் விடலாம். கரைக்கு வெளிப்புறச் சரிவில் நிற்பவை மண்ணரிப்பைத் தடுப்பதால் அவற்றை விட்டுவைக்கலாம். கரையின் உடலிலேயே வேரோடியவைதாம் சிக்கலானவை. அவற்றை மேலே வெட்டிவிட்டுப் போனால், உள்ளே இற்றுப்போகும் வேர்கள் கரையின் குறுக்கே குழாய் போன்ற துளைகளை விட்டுச் செல்லும். பிற்பாடு நீர் வரும்போது அத்துளைகளின் வழியே கசிந்து கரை உடையும். அடிவேரைத் தோண்டி எடுத்து, குழியைக் களிமண்ணால் நிரப்பி, அடுக்கடுக்காக இடித்துக் கெட்டிப்படுத்தவேண்டும். மேடம் பிறந்து இடவப்பாதி தொடங்குவதற்குள் செய்துமுடிக்கவேண்டிய இவ்வேலைக்கு, இருபுறத்துப் பஞ்சாயத்துகளும் நீர்ப்பாசனத் துறையினரும் ஒன்றாகச் சானலின் நீளம் முழுவதும் நடந்து, எந்த மரம் எங்கே நிற்கிறது என்று ஒரு கணக்கு எடுப்பதிலிருந்து தொடங்கலாம்.