மோட்டார் யந்திரத்திற்கு மிகைக்காற்று ஊட்டல்

தாம் ஓட்டும் மோட்டார் வண்டியின் ஆற்றலைப் பெருக்க வேண்டுமென்னும் அவா இளைஞர்க்கு இயல்பே. டர்போசார்ஜர் ஒன்றை வாங்கிப் பூட்டிவிட்டால் சக்தி தானே பெருகும் என்று கருதுவோர் நம் நண்பருள்ளும் உளர். இக்கருத்தில் உண்மையும் உண்டு, அபாயமும் உண்டு. ஆற்றலைக் கூட்டுவோர் அதனைத் தாங்கும் வலிமையை முதற்கண் தேடல் வேண்டும் என்பதே நாம் வற்புறுத்த விரும்புவது.

சாதாரணப் பெட்ரோல் யந்திரம், பிஸ்டன் கீழிறங்குங்கால் வளிமண்டலம் தள்ளும் அளவு காற்றையே உட்கொள்ளும். டர்போசார்ஜரோ, வீணே வெளியேறும் எரிந்த வாயுவைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றி, அதே தண்டிலுள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை நெருக்கி உட்செலுத்தும். ஸ்விட்ஸர்லாந்துப் பொறியறிஞர் ஆல்பிரட் பியூக்கி 1905-ஆம் ஆண்டிலேயே இதற்கு உரிமைச் சாசனம் பெற்றார். வளிமண்டலத்தின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 14.7 பவுண்டு. அதன்மேல் 7 பவுண்டு கூட்டி, வெப்பமும் மிகாது காப்பின், ஏறக்குறைய ஒன்றரை மடங்கு காற்று புகும். அதற்கேற்பப் பெட்ரோலும் எரிந்து சக்தி பெருகும்.

ஆயின், நெருக்குண்ட காற்று சூடேறும் என்பதை மறத்தலாகாது. அது சிலிண்டருள் மீண்டும் பத்து மடங்கு நெருக்கப்படின், தீப்பொறியால் எழுந்த சுவாலை சென்றெட்டுமுன்னரே எஞ்சிய கலவை தானே வெடிக்கக்கூடும். இது தொடருமாயின் பிஸ்டன் உடையும். சிலபோது உருகவும் செய்யும்.

அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் கம்பெனியார் 1962-இல் 'ஜெட்ஃபயர்' என்னும் வண்டியை வெளியிட்டனர். 215 கன அங்குல யந்திரம் 215 குதிரைச் சக்தி தந்தது. அழுத்த விகிதத்தை 10.25-இலிருந்து குறையாது விட்டமையால், வெடிப்பைத் தடுக்க நீரும் மெதனாலும் கலந்த திரவத்தை ஊட்ட நேர்ந்தது. தொட்டியை நிரப்ப மறந்தோர் பலர். 1963-உடன் அவ்வண்டி நின்றது. பலவற்றில் டர்போசார்ஜர் கழற்றப்பட்டுச் சாதாரணக் கார்புரேட்டர் பொருத்தப்பெற்றது. ஸ்வீடன் தேசத்து ஸாப் கம்பெனியாரோ, 1970-களின் பிற்பகுதியில் தம் 99 டர்போ வண்டியில் அழுத்த விகிதத்தை 7.2-க்கு இறக்கி, மிகுந்த வாயுவை ஒதுக்கிவிடும் வேஸ்ட்கேட் என்னும் வால்வையும் அமைத்தனர். அவர் முறை நிலைபெற்றது. கருவி ஒன்றே, அதனை ஏற்கும் யந்திரத்தைப் பண்படுத்தியதிலேயே வேற்றுமை.

"சிறிதளவே அழுத்தம் கூட்டினால் கேடில்லையே" எனச் சிலர் கூறுவர். அழுத்த விகிதம் தாழ்ந்து, பெட்ரோலின் அளவும் தீப்பொறியின் காலமும் செவ்வனே திருத்தப்பட்ட யந்திரத்திற்கு அக்கூற்றுப் பொருந்தும். எல்லா யந்திரத்திற்கும் அதனை விதியாக்குதல் தகாது. மேலும், யந்திரம் தாங்கினும் கிளச்சும் பிரேக்கும் தாங்க வேண்டுமன்றோ? பிரேக் தவறின் இழப்பது பொருள் மட்டுமன்று; தெருவில் செல்லும் குற்றமற்றோர் உயிருமாம்.

ஆதலின் மாணவ நண்பர்காள், யந்திரத்தைச் சோதித்து, அழுத்த விகிதத்தை அறிந்து, குளிர்விக்கும் அமைப்பையும் பிரேக்கையும் செம்மை செய்து, அதன் பின்னரே டர்போசார்ஜரை விலை பேசுவீராக. இவை அனைத்திற்கும் பொருள் போதாதெனின், டர்போவுக்கென்றே ஆக்கப்பட்ட யந்திரமுள்ள வண்டியை வாங்குதலே சிக்கனமும் அறிவுடைமையுமாகும்.