கட்டி வளர்ந்ததா, அளவு மாறியதா?

"மூணு மாசத்துக்கு முன்னாடி ஈரல் கட்டி 30 மில்லிமீட்டர்னு இருந்தது. இப்போ 32ன்னு வந்திருக்கே! மருந்து பிடிக்கலையா?" கணவருடைய ரிப்போர்ட்டையோ மாமியாருடைய ரிப்போர்ட்டையோ கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கலங்குகிற சகோதரிகளிடம் நான் முதலில் சொல்வது: பதறாதீர்கள். எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள்.

குழந்தையின் உயரத்தைச் சுவரில் கோடு போட்டுப் பார்க்கிறோமே, ஒரு தடவை வெறுங்காலோடும் மறு தடவை செருப்போடும் நிறுத்தினால் கணக்கு சரியாக வருமா? சி.டி. ஸ்கேனும் அப்படித்தான்.

ஈரலுக்கு இரண்டு வழியாக ரத்தம் போகிறது. ஏறக்குறைய முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக. மீதி தமனி வழியாக. ஈரலிலேயே உண்டாகும் புற்றுநோய்க் கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தில் வளர்வது. அதனால் அயோடின் கலந்த மருந்தைக் கையில் ஏற்றி, அரை நிமிஷத்தில் ஒரு படமும் ஒரு நிமிஷம் தாண்டி இன்னொன்றும் எடுப்பார்கள். முதல் படத்தில் பளிச்சென்று தெரிகிற கட்டி அடுத்ததில் மங்கிவிடலாம். போன தடவை ஒன்றிலும் இந்தத் தடவை மற்றதிலும் அளந்தால், கட்டி வளராமலே எண் மாறும்!

இன்னொன்று, வில்லையின் தடிமன். வாழைக்காய் சீவுவதுபோல ஸ்கேன் ஈரலை வில்லை வில்லையாகக் காட்டுகிறது. வில்லை தடித்தால் சின்னக் கட்டியின் ஓரம் தெளிவாகத் தெரியாது. மூச்சு விட்டாலே ஈரல் மேலும் கீழும் நகரும். அப்போதும் படம் கலங்கும்.

மருந்து ஆராய்ச்சிகளுக்காக 2009-ல் வெளியான 'ரெசிஸ்ட் 1.1' முறைப்படி, கட்டிகளின் நீள அளவுகளைக் கூட்டி ஒப்பிடுவார்கள். 30 சதவீதம் குறைந்தால் நல்ல பலன். இருந்ததிலேயே குறைந்த அளவைவிட 20 சதவீதமும், குறைந்தது 5 மில்லிமீட்டரும் கூடினால்தான் வளர்ச்சி. புதுக்கட்டி தோன்றினாலும் வளர்ச்சிதான். புதிதாக எதுவும் இல்லையென்றால், 30 என்பது 32 ஆனதை இந்த முறை 'நிலையாக இருக்கிறது' என்றே சொல்லும். சில சிகிச்சைகளில் கட்டி உள்ளே செத்துப்போயும் பருமன் குறையாது. அப்போது உயிருள்ள பகுதியை மட்டும் அளப்பதும் உண்டு.

நாம் செய்ய வேண்டியவை:

* முடிந்தவரை ஒரே இடத்தில் ஸ்கேன் எடுங்கள்.
* பழைய ரிப்போர்ட் மட்டும் போதாது, படங்களையும் சி.டி. தட்டையும் கொண்டுபோங்கள்.
* மூச்சை அடக்கச் சொன்னால் அடக்க, நோயாளியை வீட்டிலேயே பழக்குங்கள்.
* சிறுநீரகக் கோளாறு, மருந்து அலர்ஜி, கர்ப்பம் இருந்தால் முன்னதாகவே சொல்லுங்கள்.
* "போன தடவை அளந்த அதே கட்டப் படத்தில்தான் ஒப்பிட்டீர்களா?" என்று டாக்டரைத் தயங்காமல் கேளுங்கள்.

இதையெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வையுங்கள். பால் கணக்கு எழுதுகிற நமக்கு இது பெரிய வேலையா என்ன?