இருபக்கச் சுற்றுப்பலகையும் நம் பிள்ளைகளும்

கூலிம், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தமிழ்க் குடும்பங்களுக்கு மின்னணுத் தொழிற்சாலை புதியதன்று. 1972இல் பினாங்கு பாயான் லெப்பாசில் தடையற்ற வணிக வட்டாரம் உருவானது. பின்வந்த ஆண்டுகளில் தோட்டப்புறத்துப் பெண்கள் பலர் பால்வாளியை வைத்துவிட்டுத் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறினர். 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. 2024 சனவரியில் ஆஸ்திரியாவின் ஏடி அண்டு எஸ் நிறுவனம், சில்லுகளைத் தாங்கும் நுண்பலகைகளைச் செய்யும் ஆலையை அங்கே திறந்தது.

சுற்றுப்பலகைத் தொழில் நம் வாசலுக்கே வந்துவிட்டது. ஆயினும், அப்பலகையை வரையும் மேசையில் அமர நம் பிள்ளைகளை ஆயத்தம் செய்கிறோமா? அல்லது, பிறர் வரைந்த பலகையில் உறுப்புகளைப் பொருத்துவதற்கு மட்டும் அனுப்பிக்கொண்டிருக்கிறோமா? ஆசிரியர்களும் பெற்றோர்களும் சேர்ந்து எண்ணிப் பார்க்கவேண்டிய வினா இது.

என் கருத்து இதுதான்: பள்ளிப் பருவம் முடிவதற்குள் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறையேனும் தன் கையால் ஓர் இருபக்கச் சுற்றுப்பலகையை வரைந்து, அரித்து, பற்றவைத்துப் பார்க்க வேண்டும்.

ஏன் இருபக்கம்? ஒருபக்கப் பலகையில் செம்புத் தடங்கள் ஒன்றையொன்று குறுக்கே கடக்க இயலாது. கடந்தால் மின்சாரம் வழிமாறிவிடும். பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு ஓர் எண்காட்டி செய்வதாகக் கொள்வோம். 4511 என்னும் சில்லு ஏழு கீற்றுகளுக்கும் ஆணையிடும். ஆனால் அச்சில்லின் கால்கள் அமைந்திருக்கும் வரிசை வேறு. எண்காட்டியின் கால்கள் அமைந்திருக்கும் வரிசை வேறு. தடங்கள் பின்னிக்கொள்ளும். அங்கேதான் மறுபக்கம் துணைக்கு வருகிறது. தண்டவாளத்தைச் சாலை மேம்பாலத்தின் வழியாகக் கடப்பதுபோல, ஒரு தடம் துளைவழியே மறுபக்கம் சென்று தடையைக் கடக்கிறது.

ஆலையில் அத்துளையின் உட்சுவரில் வேதிமுறையில் செம்பு பூசுகின்றனர். வீட்டில் அது எளிதன்று. மின்தடையிலிருந்து வெட்டியெறிந்த கம்பித் துண்டைத் துளையில் செருகி, மேலும் கீழும் பற்றாசு வைக்க வேண்டும். சால்டர் என்று நாம் சொல்வதற்குத் தமிழில் உள்ள பழைய சொல்லே பற்றாசு.

இங்கேதான் வடிவமைப்பு என்பது என்னவென்று மாணவருக்கு விளங்கும். சில்லு செருகும் தாங்கியின் அடியில் பற்றவைப்புக்கோல் நுழையாது. ஆகவே, மேல்பக்கத் தடத்தை அத்தாங்கியின் காலில் முடித்தால் பற்றவைக்க வழியில்லை. தடத்தைச் சற்றுத் தள்ளி ஒரு கம்பித் துளையில் கீழிறக்கி, அடிப்பக்கமாகவே அக்காலுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கைவேலையில் வரப்போகும் இடரை வரையும்போதே காண்பவன்தான் வடிவமைப்பாளன். இப்பாடத்தை ஏட்டில் படித்து அறிய முடியாது.

செய்முறையும் வீட்டிற்கு எட்டாததன்று. கிகேட் என்னும் வரைவு மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இரு பக்கங்களையும் லேசர் அச்சுப்பொறியில் வழவழப்பான தாளில் அச்சிடவேண்டும். மேல்பக்கத்தை மட்டும் கண்ணாடி பிம்பமாக அச்சிடுவது முக்கியம். இரண்டு தாள்களையும் அச்சுப்பக்கம் உள்ளே இருக்குமாறு வெளிச்சத்தில் பிடித்து, துளைக்குறிகளைப் பொருத்தி, ஓரங்களை ஒட்டினால் ஓர் உறை கிடைக்கும். இருபுறமும் செம்பு ஒட்டிய 1.6 மில்லிமீட்டர் பலகையை அதனுள் இட்டு இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால், மை செம்பில் படியும். பின்னர் ஃபெரிக் குளோரைடு கரைசல், மை படாத செம்பை அரித்துவிடும்.

பெற்றோரின் அச்சமும் நியாயமானதே. பற்றவைப்புக்கோலின் முனை ஏறத்தாழ 350 பாகை செல்சியஸ் வரை சூடேறும். பழைய பற்றாசில் வெள்ளீயத்தோடு காரீயமும் கலந்திருக்கும். காரீயம் பிள்ளைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு. எனவே காரீயமற்ற பற்றாசையே வாங்குக. சன்னலைத் திறந்துவைத்துப் புகையை விலக்குக. வேலை முடிந்ததும் கைகளைக் கழுவச் செய்க. அரிப்புக் கரைசலைப் பெரியவரே கையுறையும் கண்காப்பும் அணிந்து கையாளவேண்டும். பயன்படுத்திய கரைசலில் செம்பு கலந்திருக்கும். அது நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. வடிகாலில் ஊற்றவே கூடாது.

தொடக்கப்பள்ளியில் இவை எதுவும் தேவையில்லை. ஒரு கட்டத்தாளும் சிவப்பு, நீல வண்ணக்கோல்களும் போதும். சிவப்பு மேல்பக்கம், நீலம் அடிப்பக்கம். ஒரே நிறக் கோடுகள் ஒன்றையொன்று கடக்கக்கூடாது. நிறம் மாறும் இடத்தில் ஒரு புள்ளி இடவேண்டும். புள்ளிகள் எத்தனை குறைவோ அத்தனை சிறப்பு. வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாடவேளையில் இதனை ஒரு புதிராகவே கொடுக்கலாம். பற்றவைப்பை இடைநிலைப்பள்ளிப் பருவத்திற்கு விட்டுவிடலாம்.

“சில ரிங்கிட்டுக்குச் சீனத்து ஆலைகள் அழகாகச் செய்து அனுப்புகின்றனவே, கையால் செய்வானேன்?” என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான், அப்பலகைகள் தரமானவை, துளைகளில் செம்பும் பூசப்பட்டிருக்கும். இரண்டாவது பலகையை அங்கேயே செய்விக்கலாம். முதற்பலகை மட்டும் பிள்ளையின் கையால் ஆகட்டும். தன் கையால் ஒரு துளையை இணைத்துத் திணறியவனுக்கே ஆலையில் பூசிய செம்பின் அருமை தெரியும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். புத்தாக்கப் போட்டி என்றதும் ஆயத்தக் கருவிப்பெட்டியை வாங்கி, பெரியவர்கள் இணைத்துக் கொடுக்க, பிள்ளை விளக்கவுரையை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவருகிறது. கோப்பை பள்ளிக்கு வரும். அறிவு பிள்ளைக்கு வராது. எரியாத விளக்குடன் ஒரு மாணவன் நடுவர்முன் நின்று, “இந்தத் துளையில் பற்றாசு பிடிக்கவில்லை, ஐயா” என்று காரணம் சொல்வானாயின், அவனே உண்மையில் கற்றவன்.

தோட்டத்திலிருந்து தொழிற்சாலைக்குச் சென்ற தலைமுறை நம்மைப் படிக்கவைத்தது. அடுத்த தலைமுறையை அதே தொழிற்சாலையின் வரைவு அறைக்கு அனுப்புவது நம் கடமை. கூலிமிலும் ஜித்ராவிலும் பல்தொழில்நுட்பக் கல்லூரிகள் உள்ளன. அங்கே செல்வதற்கான ஆர்வம் கட்டத்தாளில் வரையும் ஒரு சிவப்புக் கோட்டிலிருந்தும் தொடங்கலாம். வரும் பள்ளி விடுமுறையில் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் ஒரு நாள் பட்டறைக்கு ஏற்பாடு செய்யட்டும்.

சிந்திப்போம், செயல்படுவோம்.