வெள்ளத்தில் மறையும் கடன் கணக்கு

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரைமீறியதில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் உப்பளங்களும் கடைகளும் வாழைத் தோட்டங்களும் மூழ்கின. இவை பெரும்பாலும் கடன் வாங்கி நடத்தப்படும் தொழில்கள். அந்த இரு மாவட்டங்களில் ஒரு வங்கிக்கு எவ்வளவு கடன் நிலுவையில் இருந்தது, அதில் எவ்வளவு வெள்ளத்தால் திரும்பாமல் போனது என்று அதன் ஆண்டறிக்கையைப் புரட்டிப் பார்த்தால் விடை கிடைக்காது. கடன் எந்தத் தொழிலுக்குப் போனது என்று வங்கிகள் விரிவாகச் சொல்கின்றன. எந்த ஊருக்குப் போனது என்பதோ உள்நாடு, வெளிநாடு என்ற இரண்டே பிரிவுகளில் முடிந்துவிடுகிறது. பருவநிலை இடர் பற்றி நிதி நிறுவனங்களைப் பேசவைக்கும் புதிய விதிகள் முதலில் நிரப்ப வேண்டிய இடைவெளி இதுதான்.

ரிசர்வ் வங்கி 2024 பிப்ரவரி 28 அன்று வெளியிட்ட வரைவு நெறிமுறை, உலக அளவில் 2017 முதல் வழக்கத்துக்கு வந்த நான்கு தலைப்புகளைப் பின்பற்றுகிறது: நிர்வாகம், உத்தி, இடர் மேலாண்மை, அளவீடுகளும் இலக்குகளும். முதல் மூன்றையும் வணிக வங்கிகளும் பெரிய வங்கிசாரா நிதி நிறுவனங்களும் 2025-26 நிதியாண்டிலிருந்து வெளியிட வேண்டும் என்றும், நான்காவதை 2027-28இல் தொடங்கலாம் என்றும் வரைவு கூறியது. இந்த வரிசையைக் கவனியுங்கள். இயக்குநர் குழுவில் யார் பொறுப்பு, எத்தனை முறை கூடினார்கள் என்ற விவரங்கள் முதலில் வருகின்றன. ரூபாய்க் கணக்கு இரண்டு ஆண்டு கழித்து வருகிறது. அளவீடு இல்லாத இடத்தில் நிர்வாகம், உத்தி என்ற தலைப்புகளின் கீழ் நல்ல வாசகங்களை எழுதிவிடுவது எந்த வங்கிக்கும் கடினமல்ல.

அளவீடு வந்த பிறகும் ஒரு சிக்கல் தொடரும். இயற்கைப் பேரிடர் பகுதிகளில் வங்கிகள் தர வேண்டிய நிவாரணம் பற்றி ரிசர்வ் வங்கி 2018இல் தொகுத்து வெளியிட்ட நெறிமுறைப்படி, பயிர்ச்சேதம் 33 சதவீதத்தை எட்டினால் குறுகிய காலப் பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்றலாம். சேதத்தின் அளவைப் பொறுத்து 2 அல்லது 5 ஆண்டு வரை அவகாசம் தரலாம். அப்படி மாற்றியமைத்த கடன் வாராக்கடன் பட்டியலில் சேராது. விவசாயிக்கு இது நியாயமான நிவாரணம். அதைக் குறைக்கச் சொல்வது அநீதி. ஆனால் இதன் பக்கவிளைவாக, வாராக்கடன் விகிதத்தை வைத்துப் பருவநிலை இழப்பை அளக்க முடியாமல் போகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவில் சாய்த்த தென்னைக்குப் பதிலாக நட்ட கன்றுகள் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். அத்தனை காலமும் வருமானம் இழந்து நிற்கும் குடும்பத்தின் கடன், வங்கிக் கணக்கில் பழுதில்லாத கடனாகவே தெரியக்கூடும்.

ஆகவே வெளிப்படுத்தல் விதிகளில் இரண்டு எண்கள் கட்டாயமாக வேண்டும். ஒன்று, வெள்ளம், புயல், வறட்சி அபாயம் அதிகமுள்ள ஒவ்வொரு மாவட்டத்திலும் வங்கியின் கடன் நிலுவை. மற்றொன்று, பேரிடரை முன்னிட்டு அந்த ஆண்டில் மாற்றியமைத்த கடனின் தொகையும், முன்பு மாற்றியமைத்தவற்றில் எவ்வளவு திரும்பி வந்தது என்பதும். 2023இல் வெளியான ஐஎஃப்ஆர்எஸ் எஸ்2 என்ற சர்வதேசத் தரநிலை, பருவநிலையின் நேரடி பாதிப்புக்கு ஆளாகக்கூடிய சொத்துகளின் தொகையையும் விகிதத்தையும் கேட்கிறது. அது நல்ல தொடக்கம். நாடு முழுமைக்கும் ஒரே கூட்டுத்தொகையாகத் தந்தால் நாகப்பட்டினமும் நாமக்கல்லும் ஒன்றாகிவிடும். கிளைவாரியாகக் கடன் கொடுக்கும் வங்கிக்கு மாவட்டக் கணக்கு தெரியாமல் இருக்காது. வெளியிடும் கடமைதான் இல்லை.

இப்படி வெளியிட்டால் கடலோர மாவட்டங்களுக்குக் கடன் வறண்டுவிடும் என்ற அச்சம் புறந்தள்ளக்கூடியது அல்ல. சிறு விவசாயியும் குறுந்தொழிலாளரும்தான் முதலில் அடிபடுவார்கள். ஆனால் முன்னுரிமைத் துறைக்கு 40 சதவீதம், அதற்குள் வேளாண்மைக்கு 18 சதவீதம் என்ற கட்டாயம் ஏற்கெனவே இருக்கிறது. மாவட்டக் கணக்கு பொதுவில் வந்தால், எந்த வங்கி சத்தமில்லாமல் ஒரு பகுதியிலிருந்து பின்வாங்குகிறது என்பதும் அதே அட்டவணையில் தெரிந்துவிடும். இன்றைய இருட்டில் அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. வடிகாலுக்கும் பயிர்க் காப்பீட்டுக்கும் எங்கே முதலில் செலவிட வேண்டும் என்று மாநில அரசு முடிவுசெய்யவும் இந்தக் கணக்கு உதவும்.

மேலை நாடுகளே பின்வாங்கும்போது நமக்கு ஏன் இந்தச் சுமை என்பது இன்னொரு வாதம். அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் 2024 மார்ச்சில் கொண்டுவந்த பருவநிலை விதிக்காக நீதிமன்றத்தில் வாதாடுவதை ஓராண்டில் கைவிட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 பிப்ரவரியில் தன் அறிக்கை விதிகளைச் சுருக்க முன்வந்தது. அங்கே எழுந்த புகார்களில் ஒன்று நியாயமானது: நிறுவனங்களிடம் கேட்கப்பட்ட விவரங்கள் அளவுக்கு மீறிப் பெருகின. அதிலிருந்து கற்க வேண்டியது குறைவாக, தேவையானதை மட்டும் கேட்பது. கேட்காமலே விடுவது அல்ல. வட்டார கிராமிய வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் வரைவு விலக்கு அளித்ததும் சுமையைக் கருதியே என்றால், பேரிடரை நேரில் சந்திக்கும் கிளைகள்தான் கணக்குக்கு வெளியே நிற்கும். அவற்றிடம் நூறு பக்க அறிக்கை வேண்டாம், மேலே சொன்ன இரண்டு எண்கள் போதும்.

வங்கியில் இருப்பது மக்களின் சேமிப்பு. அது எந்த ஆற்றங்கரையில், எந்தக் கடற்கரையில் கடனாக நிற்கிறது என்று அறியும் உரிமை வைப்பாளருக்கு உண்டு. ரிசர்வ் வங்கி வாசகங்களுக்கு முன்னால் எண்களைக் கேட்க வேண்டும். அதையும் அடுத்த பெருவெள்ளத்துக்கு முன்பே கேட்க வேண்டும்.