திருப்பதி ஆர்க்டிக்குக்குப் போகாமலிருக்க

2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானது, சித்தூர் சுருங்கியது. எல்லை மாறினால் வரைபடக் கோப்புகளும் மாற வேண்டும். அந்த வேலைக்கு உட்காரும் மாணவர் முதலில் முட்டிக்கொள்வது, வரைபடக் கோப்புகளைப் படித்து மாற்றும் மென்பொருளான ஜிடால் (GDAL) நூலகத்தில்தான்.

பைதானில் ஒரே கட்டளையில் அதை நிறுவிவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஜிடாலின் உடம்பு சி பிளஸ் பிளஸ்ஸில் இருக்கிறது. பைதான் தொகுப்பு அதற்குப் போட்ட பாலம். அடியில் நூலகம் இல்லாவிட்டால் 'ஜிடால்-கான்ஃபிக்' கிடைக்கவில்லை என்று நிறுவல் நின்றுவிடும். உபுண்டுவில் முதலில் நூலகத்தைப் போட்டு, அதன் பதிப்பு எண்ணைப் பார்த்து, அதே எண்ணுள்ள தொகுப்பை இறக்க வேண்டும்.

நிறுவிய பிறகுதான் பெரிய ஆபத்து. 2019-இல் வந்த ஜிடால் 3.0 பதிப்பு முதல், இடத்தைக் குறிக்கும் இரண்டு எண்களில் அட்சரேகை முன்னால் வருகிறது; பழைய நிரல்கள் தீர்க்கரேகையை முன்னால் தரும். திருப்பதி 13.63 வடக்கு, 79.42 கிழக்கு. எண்கள் இடம் மாறினால் ஊர் ஆர்க்டிக்கில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் போய் விழும். அதுவாவது கண்ணில் படும். பூமியின் வடிவத்துக்கான பழைய கணக்கான எவரெஸ்ட் நீள்கோளத்தில் வரைந்த சர்வே தாளை அப்படியே ஜிபிஎஸ் அளவோடு பொருத்தினால், ஏரிக்கரை நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து நிற்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள். அந்தக் கோட்டை நம்பி ஒருவருடைய பட்டா நிலத்தை அளப்பார்கள்.

இந்த நிறுவலுக்கு நம் கல்லூரிகள் ஒரு முழு ஆய்வக நாளை ஒதுக்க வேண்டும். பதிப்பு எண்களை எழுதி வைக்காத புராஜெக்டுக்கு மதிப்பெண் தரக்கூடாது.