விட்ட இறைச்சி ஆருக்குப் போச்சு?

தவக்காலம் தொடங்கினால் எங்கட கத்தோலிக்க வீடுகளில் அடிக்கடி வரும் கேள்வி: “இண்டைக்கு இறைச்சி சாப்பிடலாமோ?” வெள்ளிக்கிழமை என்றால் கூடாது, சுத்தபோசனம். சரி, இறைச்சியை விட்டிட்டம். பதிலுக்கு நண்டுக்கறி, றால் பொரியல், கணவாய்ப் பிரட்டல். சட்டப்படி பிழையே இல்லை; மீனும் நண்டும் அந்த விலக்குக்குள் வராது. ஆனால் கரையோரத்தில் வாழும் எங்களுக்கு இது ஒறுத்தலா, விருந்தா?

சட்டத்தை நாங்கள் நக்கலடிக்கவில்லை. 14 வயது முடிந்தவர்களுக்குச் சுத்தபோசனம், 18 முடிந்ததில் இருந்து 59 நிரம்பும்வரை ஒருசந்தி என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் அதற்கு முதலே, 1966இல், திருத்தந்தை ஆறாம் பவுல் நோன்பு விதிகளை மாற்றியமைத்தபோது, இவற்றுக்குப் பதிலாகப் பிறரன்புச் செயல்களையும் பக்தி முயற்சிகளையும் வைக்க ஆயர் பேரவைகளுக்கு இடம் கொடுத்தார். விசயம் இறைச்சியில் இல்லை என்பது திருச்சபைக்கே தெரியும். எங்களுக்குத்தான் மறந்து போகுது.

சாம்பல் புதனில் வாசிக்கும் நற்செய்தியைக் கவனியுங்கோ. மத்தேயு 6ஆம் அதிகாரம். நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள், ஆக்களுக்குக் காட்டாதே என்று இயேசு அதில்தான் சொல்கிறார். பூசை முடிய நாங்கள் நெத்திச் சாம்பலோட செல்ஃபி எடுத்து வட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுறம். இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, எசாயா 58 வாசிக்கப்படுகிறது. நோன்பு நாளிலேயே வேலையாட்களை வருத்துகிறவர்களை இறைவாக்கினர் அதில் வெளுத்து வாங்குகிறார். பசித்தவனோடு உணவைப் பகிர்வதே நோன்பு என்கிறார். அதையும் கேட்டுவிட்டு வந்து, கடையில் நிற்கும் பிள்ளையின் சம்பளத்தை இழுத்தடிக்கிறம். கலியாணம் பேசும்போது ஒரே கோயில் என்றாலும் சாதி கேட்கிறம். பிறகு சிலுவைப்பாதையில் பதினான்கு தலத்திலும் முழங்காலில் நிற்கிறம்.

அப்ப விதியே வேண்டாமோ? “மனசு சுத்தமா இருந்தால் காணும்” என்று எங்கட வயசு ஆக்கள் லேசாகச் சொல்லிப்போடுவம். அதுவும் ஒரு சாட்டுத்தான். ஒன்றையும் விட்டுக்கொடுக்காத மனசு சுத்தமா இல்லையா என்று எப்படித் தெரியும்?

சமைக்க முதல் ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்துச் சேர்க்கும் பிடியரிசி வழக்கம் எங்கட ஊர்களில் இருந்தது. அதுவும் விதிதான், ஒவ்வொரு நாளும் செய்கிற விதி. ஆனால் அந்தப் பிடி, தன் வீட்டுப் பானைக்குள் விழவில்லை. பொதுக்காரியத்துக்கோ இல்லாதவைக்கோ போனது. அம்மம்மாமார் அதற்கு விளக்கம் ஒன்றும் எழுதவில்லை. கை பழகியது, கையோடு மனசும் பழகியது.

விதி வெறுமையாவது அதைக் கடைப்பிடிப்பதால் அல்ல. நாங்கள் விட்டது வேறொருவரிடம் போய்ச் சேராமல் எங்கட வீட்டுக்குள்ளேயே சுத்துவதால்தான். ஆகவே வாற வெள்ளி இறைச்சியை விடுகிறீர்கள் என்றால் நல்லது, விடுங்கோ. நண்டையும் விடுங்கோ. மிச்சம்பிடித்த காசு எந்த வீட்டுக்குப் போகுது என்பதையும் அண்டைக்கே முடிவெடுங்கோ.